அந்தியேட்டிக் கல்

2023 ஆகஸ்ட் 19ஆம் திகதி, பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடமேற்கில், எட்சீசா எரிமலையின் மேற்குச் சரிவில் ஓர் ஓடையைக் கடக்கும்போது, மொன்றியல் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவைச் சேர்ந்த தனுஜன் தியாகராசா, வயது 31, நீரில் மூழ்கி இறந்தார்.

அந்த மலைக்குத் தெரு கிடையாது. மிதவை விமானத்தில் போய் ஓர் ஏரியில் இறங்கி நடக்க வேண்டும். எரிகுழம்பும் சாம்பலும் மாறி மாறிப் படிந்து எழுந்த மலை அது. அதன் வாயைப் பனி மூடியிருக்கிறது. கடைசியாக எப்போது பொங்கியது என்று யாரும் திட்டமாகச் சொல்வதில்லை. உறங்குகிறது என்கிறார்கள். அதன் சரிவுகளில் கறுப்புக் கண்ணாடி போன்ற ஒரு கல் கிடைக்கிறது. அந்த மண்ணின் ஆதிக்குடிகளான தால்டன் மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அதில் கத்தியும் அம்புமுனையும் செய்தார்கள். இப்போது அந்த நிலம் மாகாணப் பூங்கா. அங்கிருந்து கல் எடுப்பது குற்றம்.

செப்டெம்பர் முதல் கிழமையில் தனுஜனின் தகப்பன் தியாகராசா என்னைக் கூப்பிட்டார். அந்தியேட்டிக்குக் கல்வெட்டு எழுத வேண்டும் என்றார். அந்தியேட்டி முப்பத்தோராம் நாள் கிரியை. கல்வெட்டு என்பது அன்றைக்கு வருகிறவர்களின் கையில் கொடுத்தனுப்பும் நினைவுப் புத்தகம். கல்லில் வெட்டுவதை விட்டுக் கடதாசிக்கு மாறிப் பல காலமாகியும் யாழ்ப்பாணத்தார் பெயரை விடவில்லை. கொழும்பில் ஒரு பத்திரிகையில் வேலை செய்தவன் என்பதால் இந்த நகரத்தில் இறக்கிற நம்மவர்களில் பாதிப்பேரை நான்தான் எழுதுகிறேன். கல்வெட்டில் எவரும் கஞ்சராகவோ முன்கோபியாகவோ இறப்பதில்லை. எல்லோரும் விருந்தோம்பலில் சிறந்தவர்கள். அந்த அளவுப் பொய்க்கு நான் பழகியவன்.

தியாகராசாவின் வீட்டு வரவேற்பறையில் மகனின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. தாய் கௌரி பக்கத்தில் நிலத்தில் இருந்தார். நான் உள்ளே போனதையும் இருந்ததையும் அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. தியாகராசா என்னை நேரே பேஸ்மென்ற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே அவர் சொந்தமாக ஒரு சிவன் கோயில் நடத்துகிறார். வெள்ளிக்கிழமைகளில் முப்பது, நாற்பது பேர் வருவார்கள். நடுவில் கருங்கல் ஆவுடையார் ஒன்று, இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தது. அதன் நடுக்குழியில் லிங்கம் இல்லை.

"இதுக்குத்தான் பிள்ளையை அனுப்பினனான்," என்றார். "அக்கினி மலையில பிறந்த கல்லு. கறுப்பு, கண்ணாடி மாதிரி. கனடாவில வேற ஆரிட்டையும் இல்லாத லிங்கம். தை மாதம் பிரதிஷ்டை எண்டு சனத்துக்குச் சொல்லியும் போட்டன்."

"அங்கேயிருந்து கல் எடுக்கக்கூடாதே, அண்ணை."

"சிவன்ர கல்லை எடுக்க ஆரிட்டையப்பா கேக்கிறது?"

பிறகு எழுதச் சொன்னார். பிறப்பு, படிப்பு, வீடு விற்கும் முகவராக மகன் அடைந்த உயரம், எல்லாம் ஒழுங்காக வந்தன. மரணத்துக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தாமலேயே சொன்னார்.

"‘உடன் சென்ற நண்பன் புனிதக் கல்லை வீசியெறிந்து, அவரைத் தனியே கைவிட்டமையால்’ எண்டு போடும்."

"டிலக்ஷனையா சொல்லுறியள்?"

"வேற ஆரை? அவன் வேதக்காரன். அவனுக்கு அது வெறும் கல்லு. எறிஞ்சான். மலை கோவிச்சுது. கோவத்தை என்ர பிள்ளையில காட்டிப் போட்டுது."

டிலக்ஷன், தனுஜனோடு பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாக வளர்ந்தவன். மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பம், வீடு ரொக்ஸ்பரோவில். நவம்பரில் அவனுக்கும் தியாகராசாவின் மகள் சிவாஜினிக்கும் கல்யாணம் நடப்பதாக இருந்தது. வேறு சமயம் என்பதால் தகப்பன் இரண்டு வருடம் இழுத்தடித்து, மகன் சண்டை பிடித்ததால் ஒத்துக்கொண்ட சம்பந்தம் அது. இப்போது சண்டை பிடிக்க மகன் இல்லை.

நான் காருக்கு வந்தபோது சிவாஜினி பின்னால் வந்தாள். குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறவள். சட்டையில் இன்னும் குழந்தைகளின் வர்ண மை ஒட்டியிருந்தது.

"அங்கிள், அப்பா சொன்னதை அப்பிடியே போடப்போறியளோ?"

"டிலக்ஷனையும் கேட்டுத்தான் எழுதுவன்."

"எனக்கு அவரில ஒரு சந்தேகமும் இல்லை. அம்மாதான். அண்ணாவை விட்டிட்டு வந்தவனைக் கட்டினா இந்தப் பிறப்பில என்ர முகத்தில முழிக்காதை எண்டு சொல்லிட்டா. அவ நான் சொல்லுறதை நம்பமாட்டா, அங்கிள். ஆனா புத்தகத்தில அச்சடிச்சு வந்தா நம்புவா. ஒரு வசனம் போடுங்கோ. அவர் தண்ணிக்குள்ள குதிச்சவர் எண்டு ஒரு வசனம்."

டிலக்ஷனை டோர்வலில், விமான நிலையத்துக்கு அருகே ஒரு கோப்பிக் கடையில் சந்தித்தேன். பயணப்பொதிகள் ஏற்றுகிற பிரிவில் வேலை. சீருடையோடு வந்தான். வலது கையில் மூன்று விரல்களில் நகம் இல்லை. புதிய தோல் இளஞ்சிவப்பாக வளர்ந்துகொண்டிருந்தது. கோப்பியை இடது கையால் தூக்கினான்.

"விமானம் ஓட்டினவன் முதலே சொன்னவன், அங்கிள், கல்லு எடுக்காதேங்கோ, இது தால்டன் ஆக்கள்ர இடம் எண்டு. தனு ‘ஓம் ஓம்’ எண்டு தலையாட்டிப் போட்டு எனக்குக் கண்ணடிச்சவன். நான் நினைச்சன், ஒரு சின்னத் துண்டு பொக்கற்றில போட்டுக்கொண்டு வருவானாக்கும் எண்டு."

"எவ்வளவு எடுத்தவர்?"

"தலையளவில ஒண்டு. லிங்கத்துக்கு. மற்றது சின்னன் சின்னனா, வெள்ளிக்கிழமைச் சனத்துக்குக் குடுக்க. சின்னதெல்லாம் என்ர பையில. ‘மச்சான், நீ உலகத்துச் சூட்கேஸ் எல்லாம் தூக்கிறனி, இதைத் தூக்கமாட்டியோ’ எண்டான்." சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "ஓடைக்கு வரேக்க பின்னேரம். அது பனி உருகி வாற தண்ணி, பின்னேரத்திலதான் கூட. விடியக்காலமை இறங்கிப் போயிடும். நாளைக்குக் கடப்பம் எண்டு கெஞ்சினனான். விமானம் வந்திடும், அப்பா காத்துக்கொண்டிருக்கிறார் எண்டான். அப்ப கல்லை எண்டாலும் விடுவம் எண்டு நான் என்ர பையில இருந்ததைக் கரையில கொட்டினனான். எறியேல்லை, அங்கிள். கொட்டினனான். என்னைப் பேசினான். பேசிக்கொண்டே இறங்கினவன்."

"பையின்ர இடுப்புப் பட்டியைக் கழட்டேல்லையோ?"

"கழட்டச் சொன்னனான். கழட்டினா பாரம் முழுக்கத் தோளில வரும், கல்லு ஆடும் எண்டு கழட்டேல்லை. நடு ஓடையில கால் வழுக்கிச்சுது. பை அவனைக் கவிட்டுப் போட்டுது. நான் குதிச்சுப் பட்டியைப் பிடிச்சிட்டன். விரல் விறைச்சுப் போச்சு, பட்டியின்ர கிளிப்பை அமத்த ஏலேல்லை. இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு போச்சுது."

வளைவில் டிலக்ஷனைக் கரை வாங்கிக்கொண்டது. தனுஜனைக் கொஞ்சம் கீழே, கற்களுக்கு இடையில் கண்டான். இழுத்து எடுத்தான். உதவி கேட்கும் செய்மதிக் கருவியை அழுத்தினான். அன்றைக்கு முகில் இறங்கியிருந்ததால் ஹெலிகொப்டர் அடுத்த நாள்தான் வந்தது. அதுவரை நனைந்த உடுப்போடு உடலுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறான்.

"கரடி வாற இடம், அங்கிள். விட்டிட்டுப் போகேலாது."

ஹெலிகொப்டரில் வந்தவர்கள் பையைத் திறந்து கல்லைத் தூக்கி ஓடைக்கரையில் வைத்துவிட்டார்களாம். வந்ததில் ஒருத்தர் தால்டன்காரர் என்று டிலக்ஷன் நினைக்கிறான்.

"இதெல்லாம் போடாதேங்கோ," என்றான் எழும்பும்போது. "பட்டி, கிளிப், கரடி. கௌரி அன்ரி வாசிப்பா."

நான் இரண்டு வசனம்தான் எழுதினேன். நண்பன் டிலக்ஷன் நீரில் குதித்து அவரைக் காப்பாற்ற முயன்றார். உதவி வரும்வரை அவரை விட்டு நீங்காதிருந்தார். மரண விசாரணை அதிகாரியின் முதற்குறிப்போடும் அவை பொருந்தின. மறுநாள் பிரதியைத் தியாகராசாவிடம் கொண்டுபோனேன்.

கராஜ் கதவு திறந்திருந்தது. நல்லெண்ணெய் வாசம் தெருவரைக்கும் வந்தது. உள்ளே மடிப்பு மேசை போட்டு, தியாகராசாவும் அவருடைய வெள்ளிக்கிழமைக் கூட்டத்தின் மூத்த உறுப்பினர் ஞானாம்பிகையும் நின்றார்கள். மேசையில் நெல்லிக்காய் அளவிலிருந்து தேசிக்காய் அளவு வரை கறுத்த கற்கள். ஞானாம்பிகை ஒவ்வொன்றாக எண்ணெய்த் துணியால் துடைத்து, நெற்றியில் ஒற்றுவது போல விபூதி தடவ, தியாகராசா அதை மஞ்சள் துணிப் பையில் போட்டு வாயை இறுக்கினார். பையில் மகனின் முகம் அச்சடித்திருந்தது. அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்குப் புத்தகத்தோடு ஒரு பொருளும் கொடுப்பது வழக்கம். சில்வர்க் கிண்ணம், குடை, கைப்பை. இந்த முறை இது.

"மலையில இருந்து வந்த கல்லு, தம்பி," என்றார் ஞானாம்பிகை, கண் கலங்க. "பிள்ளை உயிரைக் குடுத்துக் கொண்டுவந்தது. தொட்டுக் கும்பிடும்."

தொட்டேன். பஞ்சு போலப் பாரமில்லாத, உடம்பெல்லாம் ஓட்டை விழுந்த கல். தியாகராசாவே என்னிடம் சொன்னது கண்ணாடி போன்ற கல். மேசைக்குக் கீழே வெறும் கடதாசிப் பைகள் மூன்று மடித்துக் கிடந்தன. மேலே வந்த ஒன்றில் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அச்சடித்திருந்தது: எரிவாயு பார்பிக்யூவுக்கான எரிமலைக் கற்கள். கோழிக்காலும் மாட்டிறைச்சியும் வாட்டும்போது வடிகிற கொழுப்பைக் குடிப்பதற்காக அடுப்பில் பரப்புகிற கற்கள். எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும்.

ஞானாம்பிகை கை கழுவ உள்ளே போகும்வரை காத்திருந்தேன். என் பார்வை போன இடத்தைத் தியாகராசா கண்டுவிட்டார். அவர் முகம் மாறவில்லை. பைகளைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினார்.

"அண்ணை, இது என்ன வேலை?"

"அதுவும் எரிமலைக் கல்லுத்தானே? பூமிக்குள்ள எல்லாம் ஒரே நெருப்பு. கல் வரேல்லை எண்டு சனத்துக்கு நான் சொல்லேலுமோ? என்ர பிள்ளை வெறுங்கையோட செத்தான் எண்டு சொல்லவோ?"

"டிலக்ஷனைப் பற்றி நீங்கள் சொல்லச் சொன்னதும் பிழை. அவன் குதிச்சிருக்கிறான். கையைப் பார்த்தனான். விடியுமட்டும் பக்கத்தில இருந்திருக்கிறான்."

"தெரியும்."

அடுத்த கல்லை எடுத்துத் துடைத்தார். எண்ணெய் விரலிடுக்கால் வழிந்து மோதிரங்களில் தேங்கியது.

"பொலிஸ் எல்லாம் சொன்னது. தெரியாமலே சொல்லுறன்? ஆனா ஒண்டு யோசியும். அவன் விடேல்லை எண்டா, பிள்ளை ஏன் செத்தது? கல்லாலை செத்தது. கல்லு ஆர் கேட்டது? நான் கேட்டது. இதை வைச்சுக்கொண்டு நான் இந்த வீட்டில என்னெண்டு இருக்கிறது? கௌரியோட என்னெண்டு ஒரு மேசையில சாப்பிடுறது?"

அந்த இடத்தில் எனக்கு அவர்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரத்தொடங்கியது என்றும் சொல்லலாம். ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை.

"அவனுக்கென்ன, இளம்பிள்ளை. மன்னாரில வேற பெட்டை எடுப்பான். எனக்கு இதால ஒரே கல்லில..." என்று தொடங்கி, தான் சொல்லவந்ததைத் தானே கேட்டு, மிச்சத்தை விழுங்கிவிட்டு, கையைத் துடைத்தார். "உண்மை எழுத உம்மைக் கூப்பிடேல்லை. அந்தியேட்டிக்கு எழுதக் கூப்பிட்டனான். ஏலாட்டி வையும். நான் பாத்துக்கொள்ளுறன்."

என் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து சவர்க்காரம் போட்டுக் கை கழுவியும் நல்லெண்ணெய் மணம் போகவில்லை.

அந்தியேட்டி பியர்ஃபொன்ட்ஸில் ஒரு வாடகை மண்டபத்தில் நடந்தது. முந்நூறு பேர் வந்திருந்தார்கள். வாசலிலேயே புத்தகமும் மஞ்சள் பையும் கொடுத்தார்கள். புத்தகத்தின் பன்னிரண்டாம் பக்கத்தில் தியாகராசா முதலில் சொன்ன வசனம் அப்படியே இருந்தது. ஒரு சொல்லும் குறையவில்லை. ‘வேற்றுச் சமய’ என்ற இரண்டு சொற்கள் ‘நண்பன்’ என்பதற்கு முன்னால் புதிதாகச் சேர்ந்திருந்தன.

சனம் சாப்பிட்டுக்கொண்டே வாசித்தது. பருப்புக்குள்ளும் பச்சடிக்குள்ளும் போன விரல்கள் பக்கத்தைப் புரட்டின. எனக்கு முன்னால் இருந்தவர் மோதகத்தை வாயில் அடக்கிக்கொண்டு பக்கத்திலிருந்தவருக்குச் சொன்னார்: "நான் அப்பவே நினைச்சனான். உவங்களை நம்பேலாது." பக்கத்திலிருந்தவர், "தீர்த்தத்தில கல்லெறிஞ்ச மாதிரியெல்லோ," என்றார். இருவரும் டிலக்ஷன் வீட்டுக் கிறிஸ்மஸ் கேக்கை வருடா வருடம் வாங்கித் தின்றவர்கள். ஒரு தாய், பிள்ளையின் கண்ணில் கல்லை ஒற்றிவிட்டு அதன் தலையைச் சுற்றி எடுத்தாள். இன்னொருத்தி பையிலிருந்த கல்லை மணந்து பார்த்து, "கற்பூர மணம் வருது," என்றாள். அவள் மணந்தது நல்லெண்ணெய்.

தியாகராசா ஒலிவாங்கியைப் பிடித்து, தை மாதம் பேஸ்மென்ற் கோயிலில் லிங்கம் பிரதிஷ்டையாகும் என்றும், அதற்குத் ‘தனுஜேஸ்வரர்’ என்று பெயர் வைக்கப்போவதாகவும் அறிவித்தார். கைதட்டலாமா என்று தெரியாமல் சிலர் தட்டினார்கள்.

அப்போதுதான் டிலக்ஷன் உள்ளே வந்தான். வெள்ளைச் சட்டை. வாசலில் நின்றவன் அவனுக்கும் புத்தகமும் பையும் கொடுத்திருந்தான். ஆள் தெரியாமலோ, தெரிந்தோ. பேச்சு மேசை மேசையாக நின்றது. சிவாஜினி எழுந்தாள். அவன் அவளைக் கடந்து நேரே கௌரியிடம் போனான். படத்துக்கு முன்னால் கதிரையில் இருந்த கௌரியின் காலடியில் முழந்தாளிட்டான்.

கௌரி அந்த ஒரு மாதத்தில் முதல் தடவையாக யாரையோ நிமிர்ந்து பார்த்தார். அவருடைய கையில் ஒரு கல் இருந்தது. உள்ளங்கையைத் திறந்து காட்டினார்.

"தம்பி, நீதானே கடைசியாப் பார்த்தனி. இதுதானே? என்ர பிள்ளை எடுத்த கல்லு இதுதானே?"

டிலக்ஷன் கல்லைப் பார்த்தான். அதன் ஓட்டைகளைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து தியாகராசாவைப் பார்த்தான். தியாகராசாவின் கையில் ஒலிவாங்கி இன்னும் இருந்தது. அவர் மூச்சு விடுகிற சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. ‘இல்லை’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். புத்தகமும் பையும் தனுஜேஸ்வரரும் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். நான் எழுந்து நின்றேன். சிவாஜினி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"ஓம் அன்ரி," என்றான் டிலக்ஷன். "இதுதான்."

கௌரி விரல்களை மூடினார். கல்லோடு சேர்த்துக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, அந்த மாதம் முழுக்க அழாத அழுகையை அழத்தொடங்கினார்.

தியாகராசாவின் மூச்சு ஒலிவாங்கியில் ஒருமுறை நின்று, பிறகு வந்தது. "கேட்டியளோ?" என்றார் சனத்தைப் பார்த்து. "அவன்ர வாயாலேயே சொல்லுறான். இந்தக் கல்லைத்தான் எறிஞ்சவன்."

யாரோ "சிவசிவா" என்றார்கள். பின்வரிசையில் ஒருத்தர், "வெளியில போகச் சொல்லுங்கோ," என்றார். டிலக்ஷன் தானாகவே எழுந்து போனான். அவன் வழி விடச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கவில்லை. சனம் உடுப்பை ஒதுக்கிக்கொண்டு விலகியது. பிறகு பாயசம் வந்தது. வரிசையில் இரண்டாம் தரம் நின்றவர்களையும் பார்த்தேன்.

வாகனத் தரிப்பிடத்தில் அவனைப் பிடித்தேன். காருக்குள் சாவியைப் போடாமல் இருந்தான்.

"அது எங்கட வீட்டு பார்பிக்யூவுக்குள்ளயும் கிடக்கு, அங்கிள்," என்றான். "போன கிழமைதான் மாத்தினனான்."

"அப்ப ஏன் சொன்னீர்? நான் இப்பவே போய்ச் சொல்லுறன். பையைக் கண்டவன் நான்."

"சொல்லாதேங்கோ. நீங்கள் அவ பிடிச்சிருந்த பிடியைப் பாக்கேல்லை. பறிக்கிறதெண்டா விரலை உடைச்சுத்தான் பறிக்கோணும்."

அவனைத் தேடிக்கொண்டு சிவாஜினி வெளியே வந்தாள். தாய் பின்னால் கூப்பிட்ட குரல் மண்டபக் கதவு மூடும்வரை கேட்டது. அவள் கார்ச் சன்னலில் கையை வைத்துக்கொண்டு, "நீங்கள் பொய் சொன்னது எனக்குத் தெரியும். கராஜில பார்பிக்யூப் பையை நானும் பாத்தனான்," என்றாள்.

"தெரிஞ்சா உள்ள போம். அம்மாட்டைப் போம்."

"என்னை என்ன செய்யச் சொல்லுறியள்?"

அவன் சாவியைப் போட்டுத் திருப்பினான். அவள் சன்னலிலிருந்து கையை எடுத்தாள். மண்டபக் கதவு மறுபடி திறந்தபோது உள்ளே போனாள்.

நவம்பர் கல்யாணம் நடக்கவில்லை. மண்டபத்தைச் சிவாஜினியே கூப்பிட்டு வேண்டாமென்று சொன்னாள். டிலக்ஷன் கல்கரி விமான நிலையத்துக்கு மாற்றம் கேட்டுப் போய்விட்டான். தை மாதம் பேஸ்மென்ற் கோயிலில் தனுஜேஸ்வரர் பிரதிஷ்டை நடந்தது.